மெலிந்த உடல் வலுப்பெறுமா?

முல்லைத்தீவிலிருந்து ஒரு மாணவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது பதினேழு. உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்கிறார். உயரம் ஐந்தடி எட்டங்குலம். நிறை 53 கிலோ. வகுப்புத் தோழர்கள் தம்மை 'ஈர்க்கு' என்று அழைப்பதாகவும், முதலில் அதனைச் சிரித்துச் சமாளித்ததாகவும், இப்பொழுது கைகளை மறைப்பதற்காகவே கடும் வெயிலிலும் நீண்டகைச் சட்டை அணிவதாகவும் எழுதுகிறார். நிறையைக் கூட்டும் என்று கூறிக் கடைகளில் விற்கப்படும் மாவு ஒன்றை வாங்குவதற்காகச் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து வருகிறாராம். வாங்கலாமா, வேண்டாமா என்பதே அவருடைய கேள்வி.

கடிதம் இத்துடன் முடிந்திருக்குமாயின் நாமும் நாலு வரியில் விடை எழுதியிருப்போம். ஆனால் அதன் அடியிலே, பின்னர் நினைத்துச் சேர்த்தாற்போல, இன்னொரு செய்தியும் இருந்தது. இவர் பிறந்தது 2008 இல். 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், போரின் கடைசி மாதங்களிலே, தாயார் இவரைக் கைக்குழந்தையாகச் சுமந்துகொண்டு முள்ளிவாய்க்காலில் இருந்தார். பின்னர் வட்டுவாகல் வழியே வெளியேறினார். அந்நாட்களிற் பாலுக்கு வழியில்லாமற் கஞ்சித் தண்ணீர் பருக்கி வளர்த்தமையாலேயே பிள்ளை இப்படி ஆகிவிட்டான் என்று அவர் இன்றைக்கும் தம்மையே நொந்துகொள்கிறாராம். மகன் கிணற்றடியிற் சட்டையைக் கழற்றும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறாராம்.

எனவே நம் விடை தாயாருக்கும் மகனுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. இவர்களைப் போன்றோர் வன்னி எங்கும், ஏன், தமிழர் வாழும் இடமெங்கும் உளராதலின், ஏனைய வாசகர்க்கும் இது பயன்படலாம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணை உடற்றிணிவுச் சுட்டி என்பர். பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெற்றலே 19 ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. வளர்ந்தோர்க்கு இவ்வெண் 18.5 இற்குக் குறைந்தால் நிறை போதாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நம் மாணவர்க்கு வருவது 17.8. ஐயோ குறைந்துவிட்டதே என்று பதறவேண்டாம். பத்தொன்பது வயது வரையிலும் வளரும் பிள்ளைகளுக்கு இந்த எல்லை பொருந்தாது. அவர்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு. அவ்வட்டவணையின்படி பதினேழு வயதுப் பையனுக்கு 17.8 என்பது மெலிந்த பக்கத்தைச் சார்ந்ததேயாயினும், நோயென்று கொள்ளத்தக்க எல்லைக்குள் விழவில்லை. மெலிந்தவர், ஆனால் நலிந்தவரல்லர்.

மெலிவு வேறு, பலவீனம் வேறு என்பதற்கு நம்மவர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கலாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக் கொடுத்தார். 1952 இலும் 1956 இலும் ஒலிம்பிக் களத்திலும் நின்றவர். அவர் பாயும் படத்தைப் பார்த்தவர்கள் அந்த நீண்ட மெலிந்த கால்களை மறக்கமாட்டார்கள். பயில்வானுடைய பருமன் அவருக்கு இருந்திருக்குமாயின் அந்தக் குறுக்குக் கோலை அவர் தாண்டியிருப்பாரோ என்பது ஐயமே.

தாயாருக்கு

இனித் தாயாரின் துயரத்துக்கு வருவோம். பசி உடலை என்ன செய்யும், பசி தீர்ந்தபின் உடல் என்ன செய்யும் என்பதை விஞ்ஞானிகள் நேரே கண்டறிந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 இலும் 1945 இலும், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போரிலே ஆயுதம் தூக்க மறுத்த இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தனர். ஆறு மாதத்தில் அவர்களுடைய நிறையிற் காற்பங்கு கரைந்துபோயிற்று. கனவிலும் நினைவிலும் உணவே நிறைந்தது. சமையற் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படிக்கத் தொடங்கினவர்களும் உண்டு. பின்னர் உணவு கொடுத்தபோது, இழந்த நிறை முழுவதும் மீண்டது. பலருக்கு முன்னிருந்ததைக் காட்டிலும் கொழுப்பு மிகுந்தே ஏறியது. பசியால் ஒட்டிய உடல், உணவு கிடைத்ததும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளவே பாடுபடும். ஆண்டுக்கணக்காக அது மெலிந்தே கிடப்பதில்லை.

அவர்கள் வளர்ந்த ஆடவர். நம் பிள்ளையோ அன்று கைக்குழந்தை. இரண்டும் ஒன்றாகுமா என்று தாயார் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிசுப் பருவத்தில் நெடுநாள் உணவு குறைந்தால் அதன் தழும்பு பெரும்பாலும் உயரத்திலேதான் தெரியும். எலும்பு வளரவேண்டிய காலத்தில் வளராமற் பிள்ளை கட்டையாகிப் போகும். இந்தப் பிள்ளையோ ஐந்தடி எட்டங்குலம் நிற்கிறான். இலங்கை ஆடவரின் சராசரி உயரத்தைக் காட்டிலும் இது அதிகம். அம்மா, உங்கள் மகனுடைய உயரமே உங்களுக்காகச் சாட்சி சொல்கிறது. அந்த மாதங்களில் நீங்கள் பருக்கிய கஞ்சியும், அதன்பின் வந்த ஆண்டுகளில் எப்படியோ தேடி ஊட்டிய உணவும் அவனுடைய எலும்பைக் காத்திருக்கின்றன. இப்போதைய மெலிவுக்கு வேறு காரணம் இருக்கிறது. அது உங்கள் குற்றமன்று.

ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும். 1944 – 45 குளிர்காலத்தில் நெதர்லாந்திற் பஞ்சம் வந்தபோது தாய் வயிற்றிலிருந்த பிள்ளைகளைப் பின்னர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்களிடத்தில் நடுவயதிலே நீரிழிவின் சாயலும் இருதய நோயும் மிகுந்திருக்கக் கண்டனர். நம் தென்னாசிய மக்களுக்கோ கை கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் கொழுக்கும் இயல்பு எப்படியும் உண்டு. போர்க்காலத்திற் பிறந்த பிள்ளைகளைக் கண்டதையும் ஊட்டிக் கொழுக்க வைக்க முயல்வது ஆகாது என்பதற்கு இவ்விரண்டும் போதிய காரணங்கள். ஏற வேண்டியது தசை. சீனியும் எண்ணெயும் ஏற்றும் தொந்தி வேண்டாம்.

சிலர் மட்டும் ஏன் மெலிவு?

ஒரே பந்தியில் ஒரே அளவு சாப்பிடும் இருவரில் ஒருவர் பூரிக்க, மற்றவர் உலர்ந்தே இருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். 'சாப்பாடு எங்கே போகிறதோ' என்று பாட்டிமார் வியப்பர். எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தவர்கள் உளர். கனடா நாட்டிலே குளோட் புஷார் என்பவரும் அவரது குழுவினரும், ஒத்த இரட்டையர் 12 சோடியை அழைத்து, வாரத்தில் ஆறு நாள், 84 நாட்கள், வழக்கத்தைவிட ஆயிரம் கலோரி கூடுதலாக ஊட்டினர். முடிவு 1990 இல் வெளியாயிற்று. ஒருவருக்கு நாலு கிலோ சொச்சம் மாத்திரம் ஏற, இன்னொருவருக்குப் பதின்மூன்று கிலோ ஏறியது! வேடிக்கை என்னவெனில், ஒருவருக்கு எவ்வளவு ஏறியதோ ஏறக்குறைய அவ்வளவே அவருடைய இரட்டைச் சகோதரர்க்கும் ஏறியிருந்தது. பரம்பரையின் கை இதில் எவ்வளவு வலியது என்பது தெளிவு. மெலிந்த பிள்ளையைக் கண்டால் முதலிற் பார்க்கவேண்டியது தகப்பனாரின் பழைய படத்தை என்று நாம் சொல்வதுண்டு.

1999 இல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சி அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் நடந்தது. 16 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் ஆயிரம் கலோரி மிகுதியாகக் கொடுத்தார்கள். கொழுப்பு ஏறாதவர்கள் யாரென்று பார்த்தால், தம்மை அறியாமலே எழுவதும் நடப்பதும் அசைவதுமாக இருந்தவர்கள்! மிகையாய் வந்த உணவை அவர்களுடைய உடல் துடிப்பிலேயே செலவழித்துவிட்டது. படிக்கும்போது காலாட்டிக்கொண்டே இருக்கும் பையனைத் தாய்மார் ஏசுவார்கள். அந்தக் காலாட்டலிலும் ஒரு பிடி சோறு கரைகிறது என்று அறிக.

ஆகவே இயற்கையாக மெலிந்தவர், 'நான் நிறையத்தானே சாப்பிடுகிறேன்' என்று சொல்வது பொய்யன்று. ஆனால் அவருடைய உடலின் செலவுக்கு அது போதவில்லை என்பதும் பொய்யன்று. ஒருநாள் கலியாண வீட்டில் மூக்குமுட்ட உண்டுவிட்டு மறுநாள் பசியின்றிக் கிடப்பதனால் இக்கணக்கு நேராகாது. ஒவ்வொரு நாளும் சிறிது கூட வேண்டும்.

இதற்குமுன் ஓர் எச்சரிக்கை. என்றும் மெலிந்தவராய் இருந்தவர்க்கே மேலே சொன்னது பொருந்தும். நன்றாக இருந்த உடல் காரணமின்றி இளைக்கத் தொடங்கினால் அது வேறு விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமலும் மாலைக் காய்ச்சலும் கசநோயாக இருக்கலாம். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் நீரிழிவின் அறிகுறி; அது பிள்ளைகளுக்கும் வரும். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, பசி மிகுந்தும் மெலிந்தால் தைரொயிட் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும். குடற்புழுவை மறத்தலாகாது. இவற்றுள் ஏதாயினும் இருப்பின் இப்பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க.

அடுக்களையிலே

தசை வளர்வதற்கு இரண்டு பொருள் வேண்டும்: சக்தியும் புரதமும். சக்தியைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி கூடினாற் போதும். இது எவ்வளவு என்றால், ஒரு பிடி கச்சான், ஒரு குவளை பால், ஒரு வாழைப்பழம்! இம்மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 400 கலோரி. இவ்வளவு சிறிய சங்கதியா என்று மாணவர் ஏமாற்றமடையக் கூடும். சிறியதுதான், ஆனால் தவறாது நாள்தோறும் நடக்கவேண்டிய சங்கதி. பரீட்சை நாளிலும், கோயில் திருவிழா நாளிலும், மீன் கிடைக்காத நாளிலும் நடக்கவேண்டும். பெரும்பாலோர் தோற்றுப்போவது இங்கேதான்.

புரதத்தின் கணக்கு வேறு. உடலைப் பயிற்றித் தசை வளர்க்க விரும்புவோர்க்கு, நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன்படும் என்றும், அதற்குமேல் உண்பதால் வரும் இலாபம் சொற்பம் என்றும் இன்றைய ஆராய்ச்சியாளர் கூறுவர். நம் மாணவர்க்கு அது 85 கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம். உள்ளங்கை அளவு மீன் துண்டு, அதாவது நூறு கிராம், இருபது கிராம் தரும். ஐம்பது கிராம் பயறு அவித்தாற் பன்னிரண்டு கிராம். குவளைப் பாலில் ஆறேழு. பிடி கச்சானில் ஏழெட்டு. மூன்று வேளைச் சோறும் பிட்டும் தம் பங்குக்கு இருபது கிராம் அளவில் கொண்டுவரும். நம்மவர் அதனைக் கணக்கில் எடுப்பதேயில்லை. காலையில் இரண்டு முட்டை, பகலும் இரவும் மீன், மாலையில் அவித்த பயறு என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 85 வந்துவிடும்.

முல்லைத்தீவுக்காரர்க்கு இதனை நாம் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் குளமும் காடும். கரைவலையில் வரும் சூடையும் கீரியும் நெத்தலியும் விலை உயர்ந்த மீன்களுக்குப் புரதத்திற் சற்றும் தாழ்ந்தவையல்ல. முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியிற் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் இறால் உண்டு. எருமைத் தயிர் உண்டு. முற்றத்திலே முருங்கை நிற்கிறது. மரக்கறி உணவு மட்டும் உண்போர் பயறு, கௌபி, கடலை, உழுந்து, கச்சான், எள்ளு, தயிர் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொண்டாற் குறையில்லை. பருவமடைந்த பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்த நம் பாட்டிமார் கலோரி என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். கணக்கு மட்டும் சரியாகவே இருந்திருக்கிறது. அதே களியை அண்ணன்மாருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வயிறு சிறியவர்க்கு ஓர் உபாயம் சொல்வோம். மெலிந்த பிள்ளைகளுக்குப் பெரிய கோப்பைச் சோற்றைக் கண்டாலே மலைப்பு. அவர்களுக்கு அளவைக் கூட்டாமற் செறிவைக் கூட்ட வேண்டும். பிட்டிலே பயறும் தேங்காய்ப்பூவும் சேர்க்கலாம். கீரையைத் தேங்காய்ப் பாலிற் சமைக்கலாம். குரக்கன் கூழில் ஒரு கரண்டி எள்ளுமா கரைக்கலாம். பாடசாலை இடைவேளைக்கு இரண்டு எள்ளுருண்டை சட்டைப்பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குச் சற்றுமுன் குவளை குவளையாகத் தண்ணீர் குடித்தலும், சாப்பிட்ட கையோடு வெறுந்தேநீர் குடித்தலும் வேண்டாம். முன்னது வயிற்றை அடைக்கும்; பின்னது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாது தடுக்கும். தேநீருக்கு ஒரு மணி நேரம் பொறுத்தால் நன்று.

பழஞ்சோற்றையும் மறக்கலாகாது. அதற்கு ஒரு காரணம் பின்னால் வருகிறது.

கன்றும் மணற்பையும்

உணவு மட்டும் கூடினால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பே. தசைக்கு வேலை கொடுத்தாலன்றி அது வளராது. பழங் கிரேக்கர் சொல்லும் ஒரு கதை உண்டு. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த குறோற்றன் நகரத்து மைலோ என்னும் மல்லன், பிறந்த கன்று ஒன்றை நாள்தோறும் தோளில் ஏற்றி நடந்தானாம். கன்று நாளுக்கு நாள் வளர்ந்தது. அவனும் விடாமற் சுமந்தான். கன்று காளையானபோது காளையையே சுமந்தான்! மாடு வளர்க்கும் வன்னி மக்கள் இதைக் கேட்டு நகைப்பார்கள். எந்தக் கன்று இப்படி நாள்தோறும் தோளில் ஏறச் சம்மதிக்கும்? கதை கிடக்கட்டும். அதனுள்ளே உள்ள விதி மெய்யானது. சுமை சிறிது சிறிதாக ஏறினால் உடலும் அதற்கு ஈடுகொடுத்து ஏறும். சுமை நின்ற இடத்திலே நின்றால் தசையும் நின்றுவிடும். நாள்தோறும் அதே இருபது தண்டால் எடுத்துவிட்டு, ஆறு மாதமாக ஒன்றும் காணோம் என்போர் பிழைவிடுவது இதில்.

கன்றுக்குப் பதிலாக மணற்பை செய்துகொள்ளலாம். நன்றாகக் கழுவிய உரப்பைக்குள் இன்னொரு பையை இட்டு, பத்துப் பதினைந்து கிலோ மணல் நிரப்பி, வாயை இறுகக் கட்டுக. முதுகு வளையாமல் முழங்காலை மடித்து அதனை நிலத்திலிருந்து மார்புக்குத் தூக்குவது, தோளில் வைத்துக் குந்தி எழும்புவது, இரு கைகளாலும் தலைக்குமேல் உயர்த்துவது ஆகிய மூன்றும் உடலின் பெருந்தசைகள் அனைத்தையும் வேலை வாங்கிவிடும். இவற்றோடு தண்டாலும், மாமரக் கிளையைப் பற்றி நாடி கிளைக்குமேல் வரும்வரை உடலை இழுப்பதும் சேர்ந்தால் வேறு கருவி வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் எட்டு முதற் பன்னிரண்டு தடவை, கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்கும்படி, மூன்று சுற்றுச் செய்க. பன்னிரண்டும் இலகுவாகிவிட்டால் பையைத் திறந்து ஒரு சுண்டு மணல் கூட்டுக. வாரத்தில் மூன்று நாள் போதும். இடைநாட்களில் ஓய்வு வேண்டும். ஏனெனில், வேலை கொடுத்தபின் வரும் ஒன்றிரண்டு நாட்களிலேதான் தசை தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது.

முதல் ஆறு வாரம் கண்ணாடி ஒன்றும் காட்டாது. ஆனால் மணல் ஏறிக்கொண்டே போகும். அது ஏமாற்றமன்று, அந்நாட்களில் வலுவைக் கூட்டுவது பெரும்பாலும் நரம்புகள். இருக்கின்ற தசையை ஒன்றுசேர்த்து இயக்க அவை பழகுகின்றன. தசை பருப்பது அதன்பின்னர் கண்ணுக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு கிலோ ஏறினால் மிக நன்று. அதைவிட வேகமாக ஏறுமாயின் அரைச்சுற்றை அளந்து பார்த்துக்கொள்க.

நம் முன்னோர் காலத்திற் பயில்வான்களின் பெயருக்கு முன்னே 'சாண்டோ' என்ற பட்டம் இருந்ததைப் பலர் அறிவர். கோயம்புத்தூர்ச் சின்னப்பா தேவர் அப்படி அழைக்கப்பட்டவர். பிரஷ்யாவிற் பிறந்த இயூஜின் சாண்டோ 1905 ஆம் ஆண்டளவில் இந்தியாவிற் சுற்றிவந்து தமது தேகத்தைக் காட்டினார். அந்தப் பெயர் இங்கே பட்டமாகவே நிலைத்துவிட்டது. ஆனால் நம் மாணவர்க்கு நாம் காட்ட விரும்புபவர் அவரல்லர். வங்காளத்து மனோகர் ஐச்.

1912 இல், இன்று பங்களாதேசத்தைச் சேர்ந்த கொமில்லாப் பகுதியிற் பிறந்தவர் இவர். ஏழை வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு வயதளவில் காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் கண்டு உடல் உருக்குலைந்து போயிற்று. கருவி ஒன்றும் இல்லாமற் தண்டாலும் குந்தி எழும்புதலும் செய்தே உடலை மீட்டார். பின்னர் பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்து, ஆங்கில அதிகாரி ஒருவரை அறைந்தமைக்காகச் சிறைக்குச் சென்றார். பலருக்கு வாழ்வு முடியும் இடம் அது. அவரோ சிறைக்குள்ளேயே நாட்கணக்காக, மணிக்கணக்காகப் பயிற்சி செய்தார். அதைக் கண்டு வியந்த சிறை அதிகாரிகள் அவருக்கு விசேட உணவு கொடுக்கவும் ஏற்பாடு செய்தனராம். 1952 இல் லண்டனில் நடந்த 'உலக ஆணழகன்' போட்டியில், உயரம் குறைந்தோர் பிரிவிலே வெற்றி பெற்றார். அவருடைய உயரம் நாலடி பதினோரங்குலமே! நூறு வயதைக் கடந்து, 2016 இலேதான் மறைந்தார். உண்டது சோறு, பருப்பு, மீன், மரக்கறி, பால், பழம். பழஞ்சோற்று நீரின் பெருமையை முதுமையிலும் சிலாகித்துப் பேசினார் என்பர். காலையிற் பழஞ்சோற்றைத் தயிரும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து உண்ணும் வன்னி உழவர் இதைக் கேட்டு மகிழலாம். பழஞ்சோற்றில் மந்திரம் ஒன்றுமில்லை. அதனோடு ஒரு முட்டையோ இரவு மீந்த மீன்குழம்போ சேர்ந்தால் முழு உணவாகிவிடும்.

மாவு வாங்கலாமா?

மெலிந்தவரின் வெட்கத்தை விலைபேசும் வியாபாரம் புதியதன்று. கடற்கரையில் ஒரு முரடன் மெலிந்த இளைஞனின் முகத்தில் மணலை உதைப்பதாகப் படம் போட்டு, சார்ள்ஸ் அற்லஸ் என்பவர் அமெரிக்கப் பத்திரிகைகளிற் பல ஆண்டு விளம்பரம் செய்தார். அவர் விற்றதாவது அஞ்சல் மூலமான உடற்பயிற்சிப் பாடம். அதைச் செய்தவர்க்குக் கொஞ்சம் வியர்வையாவது சிந்திற்று. இன்று டின்னில் அடைத்து விற்பவற்றுள் இருவகை உண்டு. ஒன்று, பாலிலிருந்து பிரித்தெடுத்த புரத மாவு. அது நஞ்சன்று, ஆனால் அதன் ஒரு கரண்டியில் உள்ளது நாலு முட்டையில் உள்ள புரதமே. மற்றது, 'நிறை கூட்டும்' மாவு. அதன் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தால், முன்வரிசையில் நிற்பது பெரும்பாலும் சீனியும் மாச்சத்து மாவும். அதற்கு அவ்வளவு விலை கொடுப்பது பேதைமை.

வில்லைகளும் ஊசிகளும் வேறு கதை. இதை மாணவர் கூர்ந்து வாசிக்க வேண்டும். 'உடம்பு வைக்கும்' என்று சொல்லி வைத்தியர் சீட்டின்றிக் கொடுக்கப்படும் வில்லைகளில் தெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் இருப்பதுண்டு. உண்டால் பசி எடுக்கும், முகம் உப்பும், கன்னம் பூரிக்கும். ஏறுவது நீரும் கொழுப்பும். தசையோ உள்ளே கரையும், எலும்பு நலியும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தசை வளர்க்கவென்று ஊசி மூலம் ஏற்றப்படும் ஆண் சுரப்புகள் இன்னொரு வகை. அவை தசையை வளர்ப்பது மெய்; விந்துச் சுரப்பியைச் சுருங்கச் செய்வதும், ஈரலையும் இருதயத்தையும் கெடுப்பதும் மெய். வளரும் வயதில் ஏற்றினால் எலும்பின் வளர்முனைகள் வேளைக்கு முன்னே மூடிக்கொள்ளும். உயரம் அங்கேயே நின்றுவிடும். முள்ளிவாய்க்காற் பசியாலும் குறைக்க முடியாத உயரத்தை ஓர் ஊசியிடம் பறிகொடுப்பதா?

பெண் பிள்ளைகளுக்கும் மேற்சொன்ன உணவும் பயிற்சியும் பொருந்தும். சுமை தூக்கினால் ஆண்போல ஆகிவிடுவார்கள் என்பது வீண் பயம். அதற்கு வேண்டிய சுரப்பு அவர்கள் உடலில் மிகச் சிறிதளவே உண்டு. மாதந்தோறும் இழக்கும் இரும்புச் சத்துக்காக மீனும் கீரையும் பயறும் அவர்களுக்குக் கூடுதலாகவே வேண்டும். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சுவறும். வீட்டிலே ஆண் பிள்ளைக்கு முட்டையும் பெண் பிள்ளைக்குக் குழம்பும் என்று பகிரும் வழக்கம் எங்கேனும் இன்னும் இருக்குமாயின் அதை இன்றே கைவிடுக.

உறக்கத்தைப் பற்றி எழுதினால் உயர்தர மாணவர்கள் நம்மீது கோபிப்பார்கள். பதினேழு வயதுக்கு எட்டு மணி நேரமாவது உறக்கம் வேண்டும். விடிகாலை ரியூசனும் நள்ளிரவுப் படிப்புமாக ஐந்து மணி நேரம் உறங்குபவருக்கு, உண்ட உணவும் தூக்கிய மணலும் பாதிப் பயனே தரும். பரீட்சை முடியும் வரைக்கும் வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப்படும் நேரத்தை உறக்கத்துக்குக் கொடுத்தாலும் நாம் குறை சொல்லமாட்டோம்.

இனி அந்தச் சேர்த்த பணத்தின் கதி என்ன? ஒரு டின் மாவின் விலைக்கு நாலைந்து முட்டைக் கோழிகளாவது வாங்கலாம். ஊர்க்கோழியாயின் ஆண்டு முழுவதும் இடாது, அடைகிடக்கவும் போகும். முட்டைக்கென்றே வளர்க்கும் இனமாயின் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருநூற்றைம்பது முட்டைக்குக் குறையாமல் இடும். நாலு கோழி நின்றால் மகனுக்கு இரண்டு, தாயாருக்கு ஒன்று என்று நாளாந்தம் எண்ணிக்கொள்ளலாம். கூட்டை நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுக. கீரியும் மரநாயும் வன்னியில் நம் மாணவரைப் போலவே புரதம் தேடி அலைபவை. மாத முடிவில் நிறையையும், கிணற்றடியில் வைத்து மேற்கையின் சுற்றளவையும் தாயாரைக்கொண்டே நூலால் அளப்பித்து நமக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.